மதுரை யாரையும் சும்மா விட்டதில்லை

பாடப்புத்தகத்தில் மதுரை என்பது பாண்டியர், நாயக்கர், வெள்ளைக்காரர், அப்புறம் ஐந்து மதிப்பெண் கேள்வி. அதே வரலாற்றைச் சிம்மக்கல் பக்கம் ஒரு டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். அங்கே ராஜா ஆட்சிக்கு வந்த வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ராஜா எங்கே மாட்டிக்கொண்டார், சாமி எப்படி அடி வாங்கினார், எந்தத் தலைவர் என்ன சவால் விட்டு எப்படி முழித்தார் என்பதெல்லாம் தேதிவாரியாக வரும். இரண்டாயிரம் வருஷமாக இந்த ஊர் ஒரே ஒரு வேலையை விடாமல் செய்துவருகிறது என்பது என் துணிபு. யார் வந்தாலும் கலாய்ப்பது. கலாய்த்த பிறகு கைவிடாமல் வைத்துக்கொள்வது.

முதலில் மாட்டியவர் சாட்சாத் சொக்கநாதர். செண்பகப் பாண்டியனுக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது. மழை ஏன் பெய்யவில்லை, கஜானாவில் எவ்வளவு இருக்கிறது என்ற மாதிரி சந்தேகம் இல்லை. பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்பதுதான் விஷயம். தீர்த்து வைப்பவருக்கு ஆயிரம் பொன். கல்யாணத்துக்குக் காசு இல்லாமல் திரிந்த தருமிக்காகச் சாமியே ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். சபையில் நக்கீரர் எழுந்தார்: பாட்டில் பிழை இருக்கிறது. தருமி போய் அழ, எழுதியவரே நேரில் வந்தார். டைரக்டரே தியேட்டருக்கு வந்து விமர்சகர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்ட கதை. வேறு ஊராக இருந்தால் அந்த இடத்திலேயே ஐந்து ஸ்டார் போட்டிருப்பார்கள். நக்கீரர் போடவில்லை. நெற்றிக்கண் திறந்தது. சூடு தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார்.

கதை அங்கே முடிந்திருந்தால் அது சோகக் கதை. மதுரைக் கதை என்பதால் முடியவில்லை. சாமியே மனமிரங்கி அவரைக் கரையேற்றினார். ஏற்றியவர் சும்மா விடவில்லை. அகத்தியரை வரவழைத்து நக்கீரருக்கு இலக்கணப் பாடம் எடுக்க வைத்தார். விமர்சனம் எழுதியதற்குத் தண்டனையாக ட்யூஷன் போனவர் அநேகமாக இவர் ஒருவர்தான். 1965-இல் இதையெல்லாம் ‘திருவிளையாடல்’ என்று படமாக எடுத்த ஏ.பி. நாகராஜன், சிவனைச் சிவாஜியிடமும் தருமியை நாகேஷிடமும் கொடுத்துவிட்டு, நக்கீரரைத் தானே வைத்துக்கொண்டார். விமர்சகர் வேஷத்தை வெளியாளிடம் கொடுப்பது ஆபத்து என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கைதட்டல் என்னவோ நாகேஷுக்குத்தான் போனது.

அடுத்தது கொள்முதல் விவகாரம். அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர் வாதவூரர். குதிரை வாங்கி வாருங்கள் என்று அரசாங்கப் பணத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர் திருப்பெருந்துறையில் குருவைப் பார்த்தார், பணம் முழுக்கக் கோயில் திருப்பணிக்குப் போனது. குதிரை எங்கே என்று ஓலை மேல் ஓலை வருகிறது. “ஆவணி மூலத்தன்று வரும்” என்று பதில் போகிறது. சொன்ன நாளில் சப்ளையும் நடந்தது. உயர்ரகக் குதிரைகள், துள்ளல், கனைப்பு, எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்து போட்டு லாயத்தில் கட்டியாயிற்று. அன்று இரவே அத்தனையும் நரியாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போயின. டெண்டர், டெலிவரி, தரச்சான்று எல்லாம் முறையாக நடந்து, காலையில் பொருள் மட்டும் இல்லாமல் போகும் கலையை நாம் இந்தக் காலத்தில் கண்டுபிடித்தோம் என்று யாரும் பெருமைப்பட வேண்டாம்.

வாதவூரரை வைகை மணலில் சுடுவெயிலில் நிறுத்தினார்கள். வைகைக்குக் கோபம் வந்தது. வெள்ளம். கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பறை அறைந்தார்கள். புட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. அப்போதுதான் இடுப்பில் கந்தல், தலையில் சும்மாடு, கையில் மண்வெட்டியோடு ஒரு வாலிபன் வருகிறான்.

“அப்பத்தா, உன் பங்கை நான் அடைக்கிறேன். கூலி?”

“காசுக்கு எங்கப்பா போவேன்? புட்டுத்தான் இருக்கு.”

“உதிர்ந்த புட்டு மட்டும் குடு போதும்.”

அன்றைக்கு அவித்த புட்டெல்லாம் உதிர்ந்த புட்டாகவே வந்தது. அப்பத்தாவுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆள் முழு வயிற்றுக்குச் சாப்பிட்டான். ஒரு கூடை மண்ணைக் கொட்டினான், இரண்டு கூடை நேரம் ஆடினான், பாடினான், கடைசியில் மர நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். எல்லார் பங்கும் அடைபட்டது. வந்தி பங்கு மட்டும் வாய் பிளந்து கிடந்தது. மேற்பார்வைக்கு வந்த பாண்டியன் பிரம்பை எடுத்து முதுகில் ஒன்று வைத்தான். அந்த அடி அவன் முதுகிலும் விழுந்தது, ராணி முதுகிலும் விழுந்தது, ஊர் முழுக்க விழுந்தது. வேலைத் தளத்தில் தூங்கியவர் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை அதிகாரியின் முதுகிலேயே விழுந்த சம்பவம் அதற்கு முன்னும் பின்னும் பதிவாகவில்லை. அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் அரசாங்க வேலைத் தளத்தில் மர நிழலில் படுத்திருப்பவரை யாரும் எழுப்புவதில்லை.

கவனியுங்கள், வேலையை ஒழுங்காகச் செய்யாமல் அடி வாங்கிய கதையை எந்த ஊராவது தன் சாமிக்கு வைத்துக்கொள்ளுமா? மதுரை வைத்துக்கொண்டது. அதோடு வருஷா வருஷம் ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியையும் சொக்கரையும் ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்கு அழைத்துப்போய், தங்க மண்வெட்டி, தங்கக் கூடை கொடுத்து, அதே வேலையை மறுபடி செய்து காட்டவும் வைக்கிறது.

திருமலை நாயக்கர் காலத்துக்கு வருவோம். 1623 முதல் 1659 வரை ஆண்டவர். மகால் கட்டினார், தெப்பக்குளம் வெட்டினார், ஆனால் அவருடைய உண்மையான திறமை நிகழ்ச்சி மேலாண்மை. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும், தேனூரில் சித்திரையில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரையும் ஒரே திருவிழாவாகக் கோத்தவர் அவர்தான் என்பது ஊர் வழக்கு. தேதி மாறியது, தெருப் பெயர் மாறவில்லை. மாசி வீதியில் சித்திரைத் தேர் ஓடுகிறது. கேட்டால், “ஆமா, அதுக்கென்ன?” என்பார்கள்.

இந்தக் கோப்பில் அழகர் நிலைமைதான் சங்கடம். தங்கச்சி கல்யாணத்துக்கு மலையிலிருந்து கிளம்புகிறார். கள்ளர் கொண்டை, கையில் வளரி, ஆள் தோரணையாகத்தான் வருகிறார். வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படி, ஒவ்வொன்றிலும் மரியாதை. தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை காத்திருக்கிறது. ஆற்றில் இறங்கும்போது கல்யாணம் முடிந்து, மறுநாள் தேரும் ஓடி நிலைக்கு வந்திருக்கும். கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலே வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். சைவ, வைணவப் பஞ்சாயத்தை ஒரு ‘லேட்’டில் முடித்து வைத்த ராஜதந்திரம் இது. தாமதமாக வந்த அண்ணனை எந்தக் கல்யாண வீடும் விட்டுவைக்காது. மதுரையோ லட்சக்கணக்கில் ஆற்றங்கரையில் திரண்டு, தோப்பறையில் தண்ணீர் பீய்ச்சி, சொம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றி வரவேற்கிறது. அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறார் என்று பார்த்து அந்த வருஷ விளைச்சலையும் கணித்துவிடும். பச்சை என்றால் செழிப்பு. செயற்கைக்கோள் இல்லை, ரேடார் இல்லை, ஒரு பெட்டி, சில பட்டு, அவ்வளவுதான் செலவு.

சாமிக்கே இந்தக் கதி என்றால் சினிமாக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். 1937-இல் மதுரை ராயல் டாக்கி டிஸ்டிரிபியூட்டர்ஸ் ‘சிந்தாமணி’ எடுத்தார்கள். பாகவதர் பாட்டுக்குப் படம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டர் கட்டி, அதற்கும் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். இப்போது படம் எடுத்துத் தியேட்டரை விற்கிறவர்கள் கவனிக்கவும். அந்த ஊருக்கு ஒரு தியேட்டர் போதவில்லை. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு தங்கம் தியேட்டர் திறந்தது. 2,563 இருக்கை, ஆசியாவிலேயே பெரிசு என்று மதுரைக்காரர் ஒவ்வொருவரும் சொந்தமாகக் கட்டியதுபோலச் சொல்வார்கள்.

அந்த மண்ணில் ஒரு படத்துக்கு எதிராகச் சவால் விடுவது எவ்வளவு பெரிய ரிஸ்க் என்று தி.மு.க.காரர் மதுரை முத்துவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 1958-இல் ‘நாடோடி மன்னன்’ வெற்றிக்கு எம்.ஜி.ஆருக்குத் தங்க வாள் கொடுத்துக் கொண்டாடியவரே அவர்தான். 1971-இல் மதுரை மாநகராட்சியானபோது முதல் மேயர். எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட பிறகு ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளிவரவிருந்தபோது, முத்து சேலை கட்டிக்கொள்வதாகச் சவால் விட்டார். படம் வெளிவந்தால் கட்டுவேன் என்றார் என்று ஒரு கட்சி, ஓடினால் கட்டுவேன் என்றார் என்று இன்னொரு கட்சி. 1973 மே 11-ஆம் தேதி படம் வெளியும் வந்தது, ஓட்டமாகவும் ஓடியது. ஆகவே இரண்டு கட்சிக்கும் தகராறு இல்லை. மின்னலைப் பிடித்து அடைத்துவைக்கும் விஞ்ஞானியின் கதை அது. ரசிகர்களுக்கு மின்னல் பற்றிக் கவலையில்லை, சேலையின் நிறம் பற்றித்தான் கவலை. வீட்டுக்குச் சேலைகள் பார்சலில் வந்து குவிந்தன என்று பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த முத்து பிறகு எம்.ஜி.ஆர். கட்சியிலேயே சேர்ந்தார். 1978-இல் மறுபடியும் மதுரை மேயர். சேலைக் கதையைச் சொல்லிச் சிரித்த ஊர், மேயர் என்று கூப்பிடவும் தயங்கவில்லை.

விளையாட்டிலாவது மரியாதை இருக்குமா என்றால், அலங்காநல்லூர் வாடிவாசல் பக்கம் மைக்கைக் கேளுங்கள். “மாடு வருது, மாடு வருது, தொட்டுப் பாரு மாப்ள! ஒருத்தன் மட்டும் பிடி, வால்ல தொங்காத! போச்சு, மாடு வெற்றி, மாட்டுக்காரர் வந்து அண்டாவ வாங்கிக்கங்க!” தோற்ற வீரனை இவ்வளவு அன்போடு அவமானப்படுத்தும் வர்ணனை கிரிக்கெட்டில் கிடையாது. இதற்கும் பரம்பரை உண்டு. காளையின் கொம்புக்குப் பயப்படுகிறவனை மறுபிறவியில்கூட ஆயர் மகள் ஏற்கமாட்டாள் என்று கலித்தொகையே சொல்லிவிட்டது.

2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. 2017 பொங்கலில் அலங்காநல்லூரில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. தமுக்கம் மைதானம் நிரம்பியது, செல்லூர் பக்கம் வைகைப் பாலத்தில் ஒரு ரயில் நாள்கணக்கில் நின்றது. அவசரச் சட்டம் வந்தது. முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வமே ஜனவரி 22-ஆம் தேதி ஜல்லிக்கட்டைத் தொடங்கி வைக்க மதுரைக்கு வந்தார். நிரந்தரச் சட்டம் இல்லாமல் வாடிவாசல் திறக்காது என்று ஊர் சொல்லிவிட்டது. எதைக் கேட்டுப் போராடினார்களோ அதையே தட்டில் வைத்து நீட்டினாலும், தட்டு சரியில்லை என்று திருப்பி அனுப்பத் தனித் துணிச்சல் வேண்டும். முதலமைச்சர் திரும்பிப் போனார். சட்டம் வந்த பிறகு பிப்ரவரி 10-இல் மாடு அவிழ்ந்தது. மறு பொங்கலுக்கு, அதற்குள் முதலமைச்சராகியிருந்த எடப்பாடி பழனிசாமியும் பன்னீர்செல்வமும் சேர்ந்தே வந்து தொடங்கி வைத்தார்கள். ஊர் மாலை போட்டது.

கடைசியாகத் தொழில்நுட்பம். தண்ணீரில் எதையாவது மிதக்கவிடுவது மதுரைக்குப் புதிதல்ல. பொற்றாமரையில் சங்கப்பலகை மிதந்தது. தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம் கொடுக்கும். வைகையில் ஞானசம்பந்தர் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து நீந்திப் போய்த் திருவேடகத்தில் நின்றது என்பது புராணம். இந்தப் பாரம்பரியத்தில்தான் 2017 ஏப்ரல் 21-ஆம் தேதி அமைச்சர் செல்லூர் கே. ராஜு வைகை அணையில் தெர்மோகோல் விட்டார். தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தப்பில்லை. 2015-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். காற்றுக்குப் பறக்காமலிருக்க உள்ளே தண்ணீர் நிரப்பிய பந்துகள். நம்மிடம் இருந்தது தெர்மோகோல் அட்டையும் ஒட்டுகிற டேப்பும். காற்று அடித்தது. ஏடு எதிர்நீச்சல் போட்ட ஆற்றில் அட்டைகள் அமைச்சர் கண்முன்னாலேயே கரை ஒதுங்கின. அன்று சாயங்காலத்துக்குள் தமிழ்நாட்டில் அதை வைத்துக் கேலி செய்யாத செல்போன் இல்லை. முதலில் சிரித்தது மதுரைதான், சத்தமாகச் சிரித்ததும் மதுரைதான்.

நாலு வருஷம் கழித்து, 2021 சட்டமன்றத் தேர்தலில், மதுரை மேற்குத் தொகுதியில் ஜெயித்தவர் செல்லூர் ராஜு.