தரையில் இறங்கும் விமானத்துக்கு வால் கொக்கி எதற்கு?

கேள்வி: கப்பலில் இறங்கும் போர் விமானத்துக்குக் கொக்கி வேண்டும், சரி. நீண்ட ஓடுபாதை உள்ள தரைத்தளத்தில் எதற்கு?
– கார் பிரேக் சோதனைப் பிரிவு வாசகர், செம்பரம்பாக்கம்

பதில்: பிரேக் பிடிக்காதபோது எந்த ரோடும் நீளமில்லை என்று உங்களுக்குத் தெரியாததா! ஒரு டன் கார் 100 கி.மீ. வேகத்தில் வருகிறது. 15 டன் போர் விமானம் 260-ல் தரை தொடுகிறது. எடை 15 மடங்கு, வேகம் 2.6 மடங்கு, அதன் வர்க்கம் கிட்டத்தட்ட ஏழு. ஆக, நூறு கார்களை நிறுத்தும் சக்தியை ஒரே விமானத்தின் சக்கரங்கள் விழுங்க வேண்டும். ஹைட்ராலிக் போய்விட்டால்? டயர் வெடித்தால்? மழையில் வழுக்கினால்? டேக்-ஆஃப் ஓட்டத்தில் பாதியில் இன்ஜின் கெட்டால்? அப்போது கொக்கியை இறக்கினால், ஓடுபாதையின் குறுக்கே கிடக்கும் எஃகு வடத்தைப் பிடித்துக்கொள்ளும். வடத்தின் இரு முனையிலும் நைலான் பட்டை, அது சுற்றிய உருளை, உருளையில் பிரேக். அமெரிக்காவின் பி.ஏ.கே-12 அமைப்பில் இருப்பது பி-52 குண்டுவீச்சு விமானத்தின் பிரேக்கேதான். உங்கள் தொழில்தான், அளவுதான் பெரிது.

கேள்வி: நம் விமானப்படையில் உண்டா?

பதில்: 1979-ல் வந்த ஜாகுவாரில் உண்டு. சூலூர் தேஜஸுக்கும் தஞ்சாவூர் சுகோய்-30க்கும் வாலிலிருந்து விரியும் பாராசூட்தான். அது வேகமாகப் போகும்போது நன்றாக இழுக்கும். வேகம் குறையக் குறைய அதன் பிடியும் தளரும். கடைசிக் காவல், ஓடுபாதை முனையில் எழும் நைலான் வலை. ஆக்ராவிலுள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் உருவாக்கியது. விமானியின் உயிரைக் காக்கும், ஆனால் விமானத்தின் மேனியில் காயம் படலாம். என்னைக் கேட்டால், கொக்கியின் கொஞ்ச எடையைச் சுமப்பது லாபம்.

கேள்வி: கப்பல் கொக்கியும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. கடற்படைத் தேஜஸ் 2019 செப்டம்பரில் கோவா தரைத்தளத்தில் பழகி, 2020 ஜனவரி 11 அன்று விக்ரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கியது. அங்கே ஒவ்வொரு இறக்கமும் கொக்கியால்தான், சுமார் நூறு மீட்டருக்குள். அதற்கேற்ப உடம்பும் சக்கரக் கால்களும் உறுதியானவை. தரை விமானத்துக்கோ ஆபத்தில் மட்டும். முந்நூறு மீட்டர் வரை ஓடி நிற்கலாம். அதனால் கொக்கி இலேசானது.

கேள்வி: மற்ற விமானங்களுக்கு அந்த வடம் இடைஞ்சல் இல்லையா?

பதில்: ரப்பர் வட்டுகள் அதைத் தரையிலிருந்து சில அங்குலம் தூக்கி வைத்திருக்கும், கொக்கி அடியில் நுழைய. சக்கரங்கள் மேலே ஏறிப் போய்விடும். ஒரு விமானம் மாட்டி நின்றதும் அதை விடுவித்து, பட்டையைச் சுற்றி, வடத்தை மறுபடி இழுத்துக் கட்டிவிடுவார்கள். மேலே எரிபொருள் குறைந்து வட்டமிடுபவருக்கு ஓடுபாதை சீக்கிரம் கிடைத்துவிடும்.