நிகர அளவு: ஒன்று

பெறுநர்: செயலர் அவர்கள், நுகர்வோர் விவகாரத் துறை, கிருஷி பவன், புதுதில்லி.

பொருள்: மடிக்கணினிப் பெட்டியின் மேல் கூடுதலாக ஒரு வரி அச்சிட ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள், 2011.

ஐயா / அம்மையீர்,

மனு என்றால் நன்றியில் தொடங்குவதுதான் முறை. நன்றி. புதிதாக வாங்கிய மடிக்கணினியின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், தங்கள் துறையின் கருணையால் அங்கே எல்லாம் இருக்கிறது. எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், எந்த நாட்டில் செய்தது என்ற விவரம், இறக்குமதியாளர் முகவரி, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். இவற்றுக்கெல்லாம் சிகரமாக, 'நிகர அளவு: 1 எண்'. உள்ளே இருப்பது ஒரு மடிக்கணினிதான், முக்காலும் இல்லை, ஒன்றேகாலும் இல்லை என்று இந்தியக் குடிமகனுக்குச் சட்டமே உறுதி கொடுக்கிறது. இதற்கு மேல் ஓர் அரசிடம் எதைக் கேட்பது? கேட்க ஒன்று இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி: உள்ளே ரேம் ஏற்ற ஸ்லாட் உண்டா, உண்டென்றால் எத்தனை, எந்த வகை, எத்தனை ஜிபி வரை ஏற்றலாம். கோரிக்கை அவ்வளவுதான். மீதிக் கடிதம் அதற்கான காரணங்கள்.

இன்று கடையில் நடுத்தரக் குடும்பம் வாங்கும் மடிக்கணினியில் பெரும்பாலும் 8 ஜிபி ரேம். தமிழக அரசு 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியதும் 8 ஜிபிதான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும் என்று அதே நிறுவனம் ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறது. தன் புதிய 'கோபைலட் பிளஸ்' கணினி என்றால் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது என்று இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஆக, 8 ஜிபி என்பது வாங்கும் நாளில் தாராளம், மூன்றாம் வருடம் பற்றாக்குறை. அப்போது மனிதர்கள் செய்ய நினைப்பது புதுக் கணினி வாங்குவதை அல்ல, ரேம் ஏற்றுவதை.

அங்கே தொடங்குகிறது தேர்வு. டிடிஆர்3 ரேமுக்கு 204 பின், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. தலைமுறைக்குத் தலைமுறை, ரேமின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடமும் மாறும். ஆகவே தவறான ரேம் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. வடிவமைத்த புண்ணியவான்கள் வாழ்க. ஆனால் பழைய மடிக்கணினிகளில் ஒரு பொறி உண்டு. சாதாரண டிடிஆர்3 ஓடுவது 1.5 வோல்ட்டில், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில். இரண்டுக்கும் ஒரே வெட்டு, ஒரே அளவு. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். 1.35 வோல்ட் மட்டுமே கொடுக்கும் தாய்ப்பலகையில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் கச்சிதமாக உட்காரும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். வேகத்தைப் பொறுத்தவரை அத்தனை பயமில்லை. 2666 பஸ் ரேம் இருக்கும் கணினியில் 3200 போட்டால் இரண்டும் 2666க்கு இறங்கி ஓடும். காசு சற்று வீண், கணினி பத்திரம். ஒரே 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போட்டால் இரட்டைத் தடத்தில் ஓடி, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு நல்ல பலன் தரும்.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. எங்கள் நெய்வேலியை அடுத்த மந்தாரக்குப்பம் கடைவீதியில் கணினி பழுது பார்க்கும் இளைஞர்கள் இதை டீ குடித்துக்கொண்டே சொல்வார்கள். மாட்டும் வேலையும் பெரிய வித்தையல்ல. கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடி ஸ்க்ரூக்களைக் கழற்றி, பேட்டரி இணைப்பை முதலில் விடுவிக்க வேண்டும். உடம்பின் நிலைமின்சாரம் போக ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு, ரேமை ஓரங்களில் மட்டும் பிடித்து, வெட்டு பொருந்தும்படி சாய்வாகச் செருகி, பிறகு கீழே அழுத்தினால் இருபுறமும் உள்ள கொக்கிகள் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். தங்கநிறப் பற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் முழுதாக ஏறவில்லை என்று அர்த்தம். பத்து நிமிடம்.

கற்றுக்கொள்ள முடியாதது ஒன்றுதான்: அந்த ஸ்லாட் இருக்கிறதா என்பது. பல மாடல்களில் ரேம் சில்லுகளைத் தாய்ப்பலகையிலேயே சோல்டர் செய்துவிடுகிறார்கள். சிலவற்றில் 8 ஜிபி பலகையில், கூட ஒரு ஸ்லாட். சிலவற்றில் இரண்டு ஸ்லாட். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே வெள்ளி நிறம். கடையில் தொங்கும் அட்டையில் மூன்றுக்கும் '8 ஜிபி ரேம்'. கணினியிடமே கேட்கலாம் என்று விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், சோல்டர் செய்த கணினிகள் சில 'பயன்பாட்டில் உள்ள ஸ்லாட்: 8இல் 8' என்று சொல்கின்றன. இல்லாத ஸ்லாட் எட்டு, எட்டும் நிரம்பிவிட்டன! அதற்கடுத்த வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்', அதாவது வரிசையாகச் சில்லுகள், என்று இருப்பதைப் பார்த்தால்தான் உண்மை புரியும். அதைப் பார்க்கவும் கணினியை வாங்கி, பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்திருக்க வேண்டும். தங்கள் துறை பிஸ்கட் பாக்கெட்டுக்கு வைத்த விதி அப்படியில்லை. எத்தனை கிராம் என்று தின்று பார்த்துத் தெரிந்துகொள்ளச் சொல்லவில்லை.

அரசுக்கு இந்த விஷயம் புதிதோ என்றால், அதுவும் இல்லை. ஜெம் இணையச் சந்தையில் அரசு அலுவலகங்கள் கணினி வாங்க வெளியிடும் ஏலக் குறிப்புகளில், ரேமை எத்தனை ஜிபி வரை ஏற்றலாம் என்று கேட்கும் கட்டமே உண்டு. அரசு தான் வாங்கும்போது கேட்கிறது. குடிமகன் வாங்கும்போது அவனும் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது. மடிக்கணினி நிறுவனங்களிடம் பேச அரசுக்குக் கூச்சம் என்றும் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்ட் 3 அன்று, மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று ஒரே அறிவிக்கையில் உலகத்தையே உலுக்கியது இதே அரசு. மறுநாளே தள்ளிவைத்தது வேறு கதை. கப்பலையே நிறுத்தத் துணிந்தவர்களுக்கு அட்டைப்பெட்டியில் ஒரு வரி பெரிய வேலையா?

பெட்டியின் மௌனத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் மேக்புக் ஏர் கணினிகளை இந்தியாவில் 8 ஜிபியுடன் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 16 ஜிபி வேண்டும் என்றால் 20,000 ரூபாய் கூடுதல். 2023 வாக்கில் சாதாரண மடிக்கணினிக்கான 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டியே கிடைத்தது. இரண்டும் ஒரே ரகச் சில்லு அல்ல, ஒத்துக்கொள்கிறேன். பத்து மடங்கு வித்தியாசத்துக்கு அந்தக் காரணம் மட்டும் போதாது. பின்னால் ஏற்ற முடியாது என்பதால் முன்னாலேயே வாங்கியாக வேண்டும். முன்னாலேயே வாங்கியாக வேண்டியதற்கு விற்பவர் சொல்வதே விலை. ஆப்பிளாவது பின்னால் ஏற்ற முடியாது என்பதை மறைப்பதில்லை. அதே விலைக்கு 16 ஜிபி என்று 2024 அக்டோபரில் மாறவும் செய்தது. மற்ற நிறுவனங்களின் மாடல் பெயர்க் காட்டில் அந்தத் தெளிவும் கிடையாது. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கே சில்லு போதாமல் 2025 கடைசியில் ரேம் விலை ஏறியது. 'குரூஷியல்' என்ற பெயரில் நுகர்வோருக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக டிசம்பர் 3 அன்று அறிவித்தது. எந்தக் கணினிக்கு எந்த ரேம் பொருந்தும் என்று கண்டுபிடிக்கப் பலரும் நம்பியிருந்தது அந்த நிறுவனத்தின் இணையக் கருவியைத்தான். அரசு செய்ய வேண்டியதை ஒரு வியாபாரி செய்துகொண்டிருந்தார். அவரும் கடையைக் கட்டுவதாகச் சொல்லிவிட்டார்.

இனி மறுப்புகள். சோல்டர் செய்வது சதியல்ல, பொறியியல் என்பார்கள். பெருமளவு உண்மை. செயலிக்கு நெருக்கமாகச் சில்லு இருந்தால் வேகம் கூடும், மின்சாரம் மிச்சமாகும், கணினி மெலியும். பழுது பார்ப்பதையே கொள்கையாகக் கொண்ட ஃபிரேம்வொர்க் நிறுவனம்கூட 2025இல் அறிமுகப்படுத்திய மேசைக் கணினியில், அந்தச் செயலிக்கு வேறு வழியில்லை என்று காரணம் சொல்லிவிட்டு ரேமைச் சோல்டர் செய்தது. இங்கே முக்கியம் 'சொல்லிவிட்டு' என்பதுதான். சோல்டரைத் தடை செய்யும்படி இந்த மனு கேட்கவில்லை. மெலிந்த கணினி வேண்டுவோர் தெரிந்தே வாங்கட்டும். அதோடு, கழற்றக்கூடியது என்றால் பழையது என்ற வாதமும் முழு உண்மையல்ல. குறைந்த மின்சாரச் சில்லுகளையே ஸ்க்ரூ போட்டு மாட்டும் எல்பிகேம்2 பலகையுடன் லெனோவோவின் திங்க்பேட் பி1 மாடல் 2024இலேயே வந்துவிட்டது.

இரண்டாவது மறுப்பு, ரேம் ஏற்றுபவர்கள் எத்தனை பேர் என்பது. இதற்கு நெய்வேலியை விடப் பொருத்தமான ஊரிலிருந்து பதில் எழுத முடியாது. இங்கே முதலாம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இறக்கிய ஜெர்மானிய பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களைக் கடலூர் மணற்கல் தேய்த்துத் தள்ளியது. பற்களை மாற்றினார்கள், பாறையை வெடிவைத்துத் தளர்த்தினார்கள், இயந்திரத்தைத் தூக்கிப் போடவில்லை. சோவியத் உதவியோடு கட்டிய முதலாம் அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது 1962இல். 600 மெகாவாட்டாக வளர்ந்த நிலையம் மூடப்பட்டது 2020 செப்டம்பரில். தேய்ந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டி, ஆயுள் நீட்டிப்பு என்று தனித் திட்டமே போட்டு, ஐம்பத்தெட்டு ஆண்டுகள். அந்த மின்சாரத்தில் சார்ஜ் ஏறிய மடிக்கணினிக்கு நான்கு வருடம்தான் ஆயுள் என்றால், நெய்வேலிக்காரர்களுக்கு அது கொஞ்சம் விநோதமாகத்தான் படும். ஏற்றுபவர் யார் என்றும் பார்க்க வேண்டும். முதல் சொந்தக்காரர் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. அண்ணனிடமிருந்து தங்கைக்குப் போகும்போது, செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஏற்றுகிறார்கள். 2011இலிருந்து தமிழகப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் போன விலையில்லா மடிக்கணினிகள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். தொடக்க காலத்தில் 2 ஜிபியோடு வந்தவை எத்தனை வீடுகளில் கூடுதல் ரேமோடு இரண்டாம் ஆயுள் வாழ்ந்தன என்று எந்த அலுவலகமும் கணக்கெடுக்கவில்லை.

விவரம் இணையத்தில் இருக்கிறதே என்பது மூன்றாவது. இருக்கிறது. மாடல் பெயருக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்த வாலைச் சரியாகப் படித்து, பராமரிப்புக் கையேட்டைத் தேடினால் கிடைக்கும். விலையும்தான் இணையத்தில் இருக்கிறது. ஆனாலும் பெட்டியில் அச்சிடச் சொல்லியிருக்கிறீர்கள்.

தங்கள் துறையின் முயற்சிகளை மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளம் 2022 டிசம்பரில் வந்தது. பழுது பார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் கொடுக்கும் குறியீட்டுக்கான குழு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்தது. முதலில் கைபேசியும் டேப்லெட்டும், மடிக்கணினி பிறகு. ஐரோப்பிய ஒன்றியமும் அப்படித்தான் தொடங்கியது என்று கோப்பில் எழுதியிருப்பார்கள். பிரான்ஸ் 2021 ஜனவரி முதலே மடிக்கணினிக்கும் அந்த மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது என்பதையும் அதே கோப்பில் சேர்க்கலாம். மதிப்பெண் என்றால் குழு வேண்டும், ஆய்வு வேண்டும், எடைபோடும் முறை வேண்டும், காலமாகும், புரிகிறது. ஸ்லாட் எத்தனை என்று எண்ணுவதற்குக் குழு வேண்டாம். தயாரிப்பாளருக்கு விடை ஏற்கெனவே தெரியும். பொட்டல விதிகள் தங்கள் கையிலேயே இருக்கின்றன.

அதிகாரிகளின் நேரத்தை மிச்சப்படுத்த, வாசகத்தையும் எழுதித் தருகிறேன்: 'ரேம்: 8 ஜிபி டிடிஆர்5. ஸ்லாட் 2, காலி 1. உச்சம் 32 ஜிபி.' அல்லது, 'ரேம்: 8 ஜிபி. பின்னால் கூட்ட முடியாது.' பெட்டியில் இடமில்லை என்று நிறுவனங்கள் முறையிட்டால், முன்பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு 'ஏஐ' என்று அச்சிட இடம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த கல்வியாண்டுக்கு மடிக்கணினி வாங்கும் கூட்டம் கடைகளுக்கு வருவதற்குள் விதியில் இந்தத் திருத்தத்தைச் செய்துதருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு நுகர்வோர்,
நெய்வேலி நகரியம்.