மோட்டார் ரூமும் நீல ரிலேயும்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம். இரவு முறை என்றால் மோட்டார் போட அப்பா டார்ச் லைட்டோடு வரப்பில் இறங்கி நடப்பார். அந்த நடையில் பாம்பு கடித்தவர்கள் பக்கத்து ஊர்களில் உண்டு. அதனால் அவர் திரும்பி வரும்வரை அம்மா படுக்க மாட்டார்.

மோட்டார் ரூமுக்குள் அப்பாவுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஈரக்காலைத் துடைப்பார். செருப்போடு காய்ந்த பலகைமேல் ஏறி நிற்பார். மூன்று பேஸுக்கும் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அமுக்குவார். இரண்டு கையும் பெட்டியில் பட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போய்விடும் என்பார். பள்ளிக்கூடமே போகாத மனிதர், மின்சாரத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தார். பிற்பாடு மோட்டார் வைண்டிங் தொழிலுக்கு நான் வந்ததற்கும் அந்த மரியாதைதான் காரணம்.

இப்போது இரவு முறைக்கு அண்ணன் போகிறார். அவர் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். போன மாதம் ஈஎஸ்பி8266 என்ற கன்ட்ரோலர் போர்டு ஒன்றையும் ஒரு ரிலே மாட்யூலையும் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான். “சித்தப்பா, இனி அப்பா ராத்திரியில போக வேண்டியதில்லைங்க. போன்லயே மோட்டார் போட்டுக்கலாம்” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை குடும்பங்கள் காத்திருந்த பேச்சு இது!

அந்த நீல ரிலே தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. சின்ன மின்சாரத்தைக் காட்டிப் பெரிய மின்சாரத்தை ஏவும் இந்த உபாயத்தை அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1830களிலேயே செய்து காட்டிவிட்டார். இதன் காயில் 5 வோல்ட்டில் சுமார் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். கன்ட்ரோலர் போர்டின் பின் ஒன்றால் அவ்வளவு கொடுக்க முடியாது. அதனால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர். காயில் விடும்போது எதிர்த்து அடிக்கும் வோல்டேஜைத் தாங்க ஒரு டையோடு. எல்லாம் மாட்யூலிலேயே இருக்கிறது. பையனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சடித்திருப்பதை அவன் மோட்டாரோடு பொருத்திப் பார்க்கவில்லை. எங்கள் 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர்தான். கிளம்பும்போது அதைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கும். நேரடியாக மாட்டினால் ரிலேயின் பாயின்ட் ஒட்டிக்கொள்ளும். பிறகு போனில் எத்தனை முறை ஆஃப் அமுக்கினாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கிணறு வற்றினால் வைண்டிங் கருகும்.

“அப்ப ஸ்டார்ட்டர் காயிலை மட்டும் ரிலே வழியா விடலாமுங்களா?” என்று கேட்டான். கேள்வி சரி. ஆனால் எங்கள் ஸ்டார்ட்டர் காயில் இரண்டு பேஸுக்கு நடுவில் 415 வோல்ட்டில் நிற்பது. 250 வோல்ட் ரிலேயை அங்கே வைக்கவே கூடாது. மாட்யூலைத் திருப்பிக் காட்டினேன். அடியில் ஈயம் வைத்த புள்ளிகள் மூடாமல் கிடந்தன. பெரிய மின்சாரம் வரும் புள்ளிக்கும் 5 வோல்ட் புள்ளிக்கும் சில மில்லிமீட்டர்தான். அந்த 5 வோல்ட் பக்கத்தில் யூஎஸ்பி வயர். வயரின் மறுமுனையில் அவன் மடியில் லேப்டாப். அப்பா பலகை போட்டு விலகி நின்ற மின்சாரம், இன்று பிள்ளைகளின் விரலுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

இருவரும் உட்கார்ந்து திட்டத்தை மாற்றினோம். 415-ஐ 24 வோல்ட்டாக இறக்க ஒரு கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர். மோட்டாரைப் போட்டு நிறுத்த, 24 வோல்ட் காயில் உள்ள கான்டாக்டர். ரிலே அந்த 24 வோல்ட்டை மட்டும் தொடும். ஓவர்லோடு டிரிப்பும் சிவப்புப் பட்டனும் அதே லைனில் வரிசையாக இருக்கும். போன் என்ன சொன்னாலும் அவை தடுத்தால் மோட்டார் நிற்க வேண்டும். கரண்ட் போய் வரும்போது போர்டின் சில பின்கள் ஒரு கணம் தாமாகவே மாறும், ரிலே தானாக இழுத்துவிடும். அப்படி மாறாத பின்னைத் தேடிப் பிடித்தான். அப்படியும், பம்பில் கை வைக்கும் முன் மெயினை இறக்கி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. போனில் ‘ஆன்’ என்று காட்டுவது நாம் அனுப்பிய உத்தரவைத்தான்; மோட்டார் உண்மையில் ஓடுகிறதா என்பதை அல்ல. ஒரு பேஸ் வயரில் கரன்ட் டிரான்ஸ்பார்மரைக் கோத்து, ஓடும் ஆம்பியரையே போனில் காட்டச் சொல்லியிருக்கிறேன். புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறான். அது முடிந்த பிறகுதான் தோட்டத்தில் மாட்டுவோம்.