என்ன வண்டிக்கு சார்?

பாய்மரப் படகு வைத்திருப்பவனுக்குக் காற்றைவிட ஹார்டுவேர் கடை முக்கியம். காற்று தானாக வரும்; உதிரி பாகம் நாம் போனால்தான் வரும். போனாலும் வராது.

என்னுடையது எண்டர்பிரைஸ். 1956இல் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த, இரண்டு பேர் ஓட்டும் சின்னப் படகு. பின்பலகையில் மேலும் கீழுமாக இரண்டு வளையம். சுக்கானில் அதற்கேற்ற இரண்டு முளை. முளைகளை வளையங்களில் இறக்கினால் சுக்கான் திரும்பும். அந்த முளைகள் உப்பில் ஊறித் தேய்ந்து ஆட ஆரம்பித்ததும், கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பாரிமுனைக் கடைத்தெருவுக்குப் போனேன்.

"என்ன வண்டிக்கு சார்?"

"படகுக்கு."

அவ்வளவுதான். கடைக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு அவரே படகு வாங்கலாம்.

அடுத்த கடையில் உஷாராக, படகைப் பற்றி மூச்சே விடவில்லை. "இந்த மாதிரி ஒண்ணு வேணும்" என்றேன். புரட்டிப் பார்த்துவிட்டு இரும்பு கேட் கீலை எடுத்து வைத்தார். நியாயமாகப் பார்த்தால் அவர் கொடுத்ததில் தப்பில்லை. இரண்டும் ஒரே தத்துவம்தான். ஆனால் கேட் கடலில் மிதப்பதில்லை. ஆக, சொன்னால் யானை விலை. சொல்லாவிட்டால் கேட் கீல்.

"துரு பிடிக்கக் கூடாதுங்க" என்றதும் இன்னொருவர் காந்தத்தை வைத்துக் காட்டினார். "பாருங்க, ஒட்டலை. ஒரிஜினல் எஸ்.எஸ்." குழம்புச் சட்டிக்கான 304 ரக எஃகிலும் காந்தம் ஒட்டாது, கடலுக்கான 316இலும் ஒட்டாது. 316இல் கூடுதலாக இருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்பைத் தாக்குப்பிடிக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்கும் காந்தம் அந்தத் தெருவில் இல்லை.

அளவு தனிக்கதை. ஆங்கிலேயர் படகு அங்குலத்தில் பேசும். கால் அங்குலம், கடை பாஷையில் ரெண்டு நூல், 6.35 மில்லிமீட்டர். கடையில் இருப்பதோ 6, அல்லது 8. 6 போட்டால் லொடலொட. 8 நுழையவே நுழையாது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கேட்டால் விசைப்படகுச் சாமானைக் காட்டினார்கள். அதை மாட்டினால் என் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கடைசியில் லேத்துப் பட்டறைதான். மாதிரியைக் கொடுத்தேன். 316 கம்பியைப் பட்டறைக்காரரே தேடிப் பிடித்து, கண்ணாடி போலக் கடைந்து வைத்திருந்தார். கைவேலை என்றால் அது கைவேலை.

"ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டையா இருந்துச்சு சார். யாரோ தெரியாம செஞ்சிருக்கான். ரெண்டையும் சமமாக்கிட்டேன். அதுக்குத் தனியா காசு வேணாம்."

அந்த ஏற்றத்தாழ்வு வேண்டுமென்றே வைத்தது. அலையில் படகு ஆடும்போது, குப்புறப் படுத்தபடி நீளமானதை முதலில் நுழைத்து, பிறகுதான் குட்டையை நுழைக்க வேண்டும். இரண்டும் சமம் என்றால், ஆடுகிற பஸ்ஸில் ஒரே சமயத்தில் இரண்டு ஊசிக்கு நூல் கோக்கிற வேலை.

கும்பிடு போட்டுக் கூலியைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ரம்பத்தை எடுத்து ஒன்றைக் குட்டையாக்கிவிட்டேன். அந்தப் பட்டறை இருக்கும் தெருவுக்கு மட்டும் சுக்கானைக் கொண்டுபோவதில்லை. பார்த்தால் மறுபடி சரிசெய்துவிடுவார்; அதுவும் இலவசமாக.