ஒற்றைச் சம்பளத்தில் ஓடும் வண்டி

அமெரிக்காவில் வீடு வாங்கும் தமிழனுக்கு ஆசைகள் ஒரு வரிசையில்தான் வரும். முதலில் கொல்லையில் கறிவேப்பிலைச் செடி. அடுத்து, கராஜில் ஆள் உயர ஃப்ரீசர். இரண்டும் கைகூடிவிட்டால் பிக்கப் டிரக். முதல் இரண்டையும் மனைவிமார்கள் மன்னித்துவிடுகிறார்கள்.

நான் ஹூஸ்டன் புறநகர்வாசி. கம்ப்யூட்டர் வேலை. நாள் முழுக்க நான் தூக்குகிற அதிகபட்ச எடை ஒரு காபிக் கோப்பை. அப்படிப்பட்டவனுக்கு டிரக் எதற்கு என்பது நியாயமான கேள்விதான்.

“தோட்டத்துக்கு மண் மூட்டை கொண்டுவர வேண்டாமா?” என்றேன்.

“மண் விக்கிற கடையிலயே டிரக்கை மணிக்கணக்குல வாடகைக்கு விடறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை போதும்ங்க” என்றாள் மனைவி. அவள் கணக்குத் தணிக்கை செய்பவள். வீட்டிலும் அந்தத் தொழிலை விடுவதில்லை.

வாங்கிவிட்டேன். 1985ஆம் வருஷத்துச் செவர்லே. சதுர மூஞ்சி, அகலத் தோள். 1973இலிருந்து 1987 வரை வந்த இந்த வகைக்கு இங்கே ‘ஸ்கொயர்பாடி’ என்று செல்லப் பெயர். அதிலிருந்த பெட்ரோல் வி8 எஞ்சினை எவரோ இறக்கிவிட்டு, 1989இல் டாட்ஜ் பிக்கப்புகளில் வர ஆரம்பித்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றியிருந்தார். செவர்லேமீதும் எனக்குக் குறையில்லை, கம்மின்ஸ்மீதும் இல்லை. இரண்டும் தத்தம் வீட்டில் ஒழுங்காக இருந்தவைதாம்.

இங்கே ஒரு சட்ட விஷயம் சொல்லவேண்டும். 2025 ஜனவரி 1 முதல் டெக்ஸாஸில் சொந்த வண்டிகளுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. சில கவுண்ட்டிகளில் புகைச் சோதனை உண்டு. டீசல் வண்டிக்கு அதிலும் விலக்கு. அரசாங்கம் காலி செய்த அந்த நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்துகொண்டாள்.

சோதனைக்களம், சனிக்கிழமை சாயங்காலம் இந்திய மளிகைக் கடையின் பார்க்கிங். அங்கே வண்டி நிறுத்துகிறவன் காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே கையால் ஸ்டீரிங்கை ஒடிக்கவேண்டும். பின்னால் நான்கு கார்கள் காத்திருக்கும். நான் ஒடித்தேன். ஸ்டீரிங் மறுத்தது. இரண்டு கையாலும் தொங்கினேன். பானெட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் எழுந்தது. பெடல் பாறையாக இறுகியது. பிரேக் தானே பிடித்துக்கொள்ள, வண்டி இரண்டு இடங்களுக்கு நடுவே குறுக்காக நின்றது. முருங்கைக்காய் வாங்க வந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒருவர் தமிழிலேயே ஆறுதல் சொன்னார்.

கை, கால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வாதம் வருவானேன்? பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியில் ஒரு தகடு உண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் அது மூடிக்கொள்ள, உள்ளே வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம்தான் பூஸ்டரிலுள்ள சவ்வை இழுத்து, பிரேக் மிதிக்கிற காலுக்குக் கைகொடுக்கிறது. இந்த டீசலுக்கு அந்தத் தகடே கிடையாது. ஆகவே தனியாக வேக்கம் பம்ப் வைக்கவேண்டும்; இல்லையென்றால் ஹைட்ரோபூஸ்ட். என் வண்டியில் இருந்தது இரண்டாவது.

ஹைட்ரோபூஸ்ட் என்பது ஒற்றைச் சம்பளக் கூட்டுக்குடும்பம். பவர் ஸ்டீரிங் பம்ப் ஒன்றுதான் சம்பாதிக்கும். அது அழுத்தித் தள்ளுகிற எண்ணெய் முதலில் பிரேக் பூஸ்டருக்குப் போகும்; அங்கிருந்து ஸ்டீரிங் பெட்டிக்கு; செலவானது போகத் திரும்பித் தொட்டிக்கு வரும். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கை நீட்டினால் பம்ப் முனகும். பூஸ்டரை ஒட்டி அக்குமுலேட்டர் என்று ஒரு குடுவை உண்டு. ஓடும்போதே கொஞ்சம் அழுத்தத்தைச் சேமித்துவைத்து, எஞ்சின் திடீரென்று நின்றுபோனாலும் இரண்டு மூன்று முறை பிரேக் பிடிக்க உதவும். அஞ்சறைப்பெட்டிக் காசு. குடும்பத்தில் என் இடம் எது என்று யோசித்தபோது, அந்தப் பம்ப்மீது எனக்குப் பாசம் பொங்கியது.

ஆலோசனைகள் குவிந்தன. பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்ணெய்க் கிணறுகளில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். வேலி மேலாக எட்டிப் பார்த்து, “காற்று” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன், “அண்ணா, இது சுத்தமான பெர்னூலிங்ணா” என்று தாளில் சமன்பாடு எழுதினான். பானெட்டை எப்படித் திறப்பது என்று அவனுக்கும் தெரியவில்லை. மதுரையிலிருந்து மச்சினன் வீடியோவில் பார்த்து, “மாமா, பேசாம பழைய எஞ்சினையே மாட்டிருங்க” என்றான். நான் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, கையுறை மாட்டி, வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அங்கிருந்து பார்க்க எல்லாமே கறுப்புக் குழாய்கள். அவ்வப்போது “ம்ம்” என்று சொல்லிக்கொண்டேன். வெளியே நிற்பவர்களுக்கு அது நம்பிக்கை தரும்.

இந்த நிலையில் தணிக்கையாளர் தலையிட்டார். “காசு செலவில்லாததை முதல்ல பாருங்க. டயர்ல காத்து இருக்கா?”

முன் டயர்களில் இல்லை. வந்த எஞ்சின் ஏறக்குறைய 500 கிலோ. போன வி8 அதில் பாதியைச் சற்றே தாண்டும். அத்தனை பாரமும் முன் சக்கரங்களின் தலையில். டயர் தொய்ந்திருந்தால் ஸ்டீரிங் கனக்காமல் என்ன செய்யும்?

அடுத்து, தொட்டியின் மூடியைத் திறந்தாள். எண்ணெய் முழுக்க நுரை. வேலிப் பெரியவர் ஒரே வார்த்தையில் சொன்னது சரிதான். தொட்டியிலிருந்து பம்ப்புக்குப் போகும் உறிஞ்சு குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. அந்தப் பக்கம் உறிஞ்சுகிற பக்கம் என்பதால் ஒரு சொட்டு வெளியே சிந்தாமலே காற்று உள்ளே போகலாம். தரையில் எண்ணெய்க் கறை இல்லை என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் இந்த வகைதான்.

மூன்றாவது, பூஸ்டர். எஞ்சினை அணைத்து, சேமிப்பு தீரும்வரை பெடலைப் பல தடவை மிதிக்கவேண்டும். பிறகு லேசாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால், பெடல் சற்று இறங்கி, உடனே காலை மெல்ல எதிர்த்துத் தள்ளவேண்டும். தள்ளியது. புதிய பூஸ்டர் வாங்கும் வாய்ப்பு எனக்குப் பறிபோனது.

“எல்லாம் சரி. ஸ்டீரிங்கை ஒடிச்சா பிரேக் தானா பிடிக்குதே, அது ஏன்?” என்று கேட்டவள், நான் வரைந்து வைத்திருந்த குழாய்ப் படத்தில் விரலை வைத்தாள். “ஸ்டீரிங்லேர்ந்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்புது. பூஸ்டர்லேர்ந்து திரும்புறது எங்க வரவு?”

அடியில் போய்ப் பார்த்தேன். இரண்டு திரும்பு குழாய்களையும் ஒரு ‘டி’ இணைப்பில் சேர்த்து, தொட்டியின் ஒரே வாயில் விட்டிருந்தார் அந்தப் பழைய புண்ணியவான். பூஸ்டரின் திரும்பு வழியில் எதிரழுத்தமே இருக்கக்கூடாது. நான் ஸ்டீரிங்கை ஒடிக்கும்போதெல்லாம், அங்கிருந்து வரும் எண்ணெய் ‘டி’யில் முட்டி, பூஸ்டருக்குள் பின்வாங்கி, பிரேக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. மருந்து, இரண்டு திரும்பு வாய்களுள்ள தொட்டி. பெரிய செலவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

காற்றை வெளியேற்றும் வைபவம் கராஜுக்குள் நடந்தது. வீட்டு வாசலில் வண்டி பழுதுபார்ப்பது குடியிருப்போர் சங்க விதிக்கு விரோதம் என்று கடிதம் வந்துவிட்டதால், ஃப்ரீசரை நகர்த்தி இடம் பண்ணினோம். முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைப் போடாமலே, ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மெதுவாகத் திருப்பவேண்டும். அவள் திருப்பினாள். தொட்டியில் குமிழி வருவதைப் பார்த்து, “வருது... வருது...” என்று சொல்லும் பொறுப்பான வேலை என்னுடையது. நுரை அடங்க ஒரு மணி நேரம் விட்டு, மறுபடியும். ஸ்டீரிங் எண்ணெயைப் பிரேக் தொட்டியில் ஊற்றினால் அங்குள்ள ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும் என்று படித்ததும், சாம்பார்ப் பொடி டப்பாவுக்கு ஒட்டுகிற வெள்ளை டேப்பை எடுத்துவந்து, இரண்டு மூடிகளிலும் பெயர் எழுதி ஒட்டினாள். தமிழில். இனி இந்த ஊர் மெக்கானிக் எவனும் என் வண்டியைத் தொடமுடியாது.

இப்போது ஒரு விரலால் ஸ்டீரிங் சுற்றுகிறது. சனிக்கிழமைப் பார்க்கிங்கில் கோட்டுக்குள் நிற்கிறேன். ஆனால் ஓடாத டிரக் வைத்திருந்தவனுக்கு ஊரில் இருந்த நிம்மதி, ஓடுகிற டிரக் வைத்திருப்பவனுக்கு இல்லை. வீடு மாற்றுகிறவர்கள், பழைய சோபா வாங்குகிறவர்கள், பொங்கல் விழாவுக்கு மேடை போடுகிறவர்கள் எல்லாரும் முன்பு கேட்டபோது, “பிரேக் சரியில்லீங்க” என்று கைவிரிக்க முடிந்தது.

“வண்டி சரியானதை வெளியில சொல்லிடாதே” என்றேன்.

அவள் பதில் சொல்லாமல் போனை நீட்டினாள். தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அரைமணி நேரத்துக்கு முன்பே போட்டிருந்தாள்: ‘எங்க டிரக் ரெடி. கட்டில், பீரோ, பொங்கல் அண்டா எதுவானாலும் சொல்லுங்க. டீசல் மட்டும் உங்க செலவு. டிரைவர் இலவசம்.’