தொடாதே விதி: ஆரணியில் ஒரு கள ஆய்வு

ஒரு பொருள் எந்தக் கணத்தில் கல்வி விளையாட்டுப் பொருளாகிறது என்பதைக் கல்வியாளர்கள் இதுவரை தவறான இடத்தில் தேடிவந்தார்கள் என்பதே இவ்வாய்வின் பணிவான முடிவு. பெட்டிமேல் அச்சடித்த வயதைப் பார்த்தார்கள், விலையைப் பார்த்தார்கள். ஆயாவின் தொண்டையைக் கவனிக்கத் தவறினார்கள்.

ஆய்வுக்களம்: ஆரணி, என் அக்காள் வீடு. கூடத்தில் குழித்தறி. காலம்: பத்து நாள். ஆய்வுக்குட்பட்டவர் அக்காளின் பேத்தி, வயது இரண்டே முக்கால். (உண்மையில் யார் யாரை ஆராய்ந்தது என்பதில் மூன்றாம் நாளே ஐயம் எழுந்துவிட்டது. எனவே இனி அவரையே ஆய்வாளர் என்கிறேன்.)

தொல்காப்பியர் சொல்லுலகை உயர்திணை, அஃறிணை என இரண்டாக வகுத்தார். ஆய்வாளருக்கு அது போதவில்லை, மூன்றாக வகுக்கிறார். கேட்காமலே கையில் திணிக்கப்படுவன. அழுதால் கிடைப்பன. "அத்தத் தொடாதடீ!" எனப்படுவன.

முதல் வகைக்குச் சான்று, நான் வாங்கிப்போன பாட்டுப் பாடும் பிளாஸ்டிக் டப்பா. ஆயுள் பதினோரு நிமிடம். பிறகு ஆய்வாளர் அது வந்த அட்டைப்பெட்டிக்குள் குடியேறினார். இதில் அவர் தனியாளும் அல்லர். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் விளையாட்டுப் பொருள்களுக்கென்றே ஒரு புகழ்மன்றம் உண்டு. அங்கே 2005இல் அட்டைப்பெட்டிக்கும் 2008இல் வெறும் குச்சிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் வகை அடுக்களையில் இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இரட்டித்தல் என்ற கணக்கை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை. அரிசி சிந்தும் சத்தம் இலவசம். ஒரே அளவுத் தண்ணீரை உயரமான பாத்திரத்துக்கு மாற்றினால் அதிகமாகிவிட்டதாகச் சிறு பிள்ளைகள் நம்புவார்கள் என்று ழான் பியாஜே கண்டார். ஆய்வாளரும் நம்புகிறார். ஒல்லித் தம்ளரில் டீ ஊற்றும் கடைக்காரர்கள், இந்நம்பிக்கைக்கு வயது வரம்பில்லை என்பதை அறிவார்கள்.

மூன்றாம் வகைக்கு வருவோம். தறியடியில் கிடக்கும் வண்ணப் பட்டு நூல், காலித் தார்க்குச்சி, ஓய்வுபெற்ற ஜக்கார்டு அட்டை. அட்டையில் ஓட்டை இருக்கும் அல்லது இருக்காது. புடவையில் பூ விழுவதும் விழாததும் அதைப் பொறுத்தது. லியோனில் ஜக்கார்டு 1804இல் அமைத்த இந்த ஏற்பாட்டைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆய்வாளர் அந்த ஓட்டை வழியே தெருவைப் பார்த்தார். பால்காரர் தெரிந்தார், மறைந்தார். கணினியியலின் சாரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நூல் சங்கதி இன்னும் ருசியானது. மரியா மாண்டிசோரி குழந்தைக்கு நிறம் கற்பிக்க வடிவமைத்த பலகைகளில் சுற்றப்பட்டிருந்தது வண்ணப் பட்டு நூல்: எட்டு நிறம், நிறத்துக்கு எட்டுச் சாயை, ஆக 64. அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாறு வரை வந்தார். இன்னும் கொஞ்சம் மேற்கே வந்திருந்தால், புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் மிச்சங்களை எங்கள் அக்காள் துடைப்பத்தால் வாரி முறத்தில் கொடுத்திருப்பாள்.

ஆனால் முறத்தில் கொடுத்தால் பயன் இல்லை. கொடுத்துப் பார்த்தேன். ஆய்வாளர் சீண்டவில்லை. அதே நூலைத் தறிமேல் வைத்து அக்காள் "தொடாதடீ" என்றதும் மொத்த ஆராய்ச்சி மன்றமும் அங்கே கூடிவிட்டது. பாவில் ஓர் இழை அறுந்தாலும் தேடிப் பிடித்து முடிய வேண்டும். ஆகவே அதட்டல் நியாயமானது. ஆகவே கல்வி மதிப்பும் உச்சம். விதி இதுதான்: அதட்டல் எவ்வளவோ, ஆர்வம் அவ்வளவு.

இவ்விதியை மாமாவிடம் விளக்கினேன். அவர் தார் சுற்றும் ராட்டையை நிறுத்தாமல் சொன்னார்.

"ஏழு வயசுல நான் உட்கார்ந்ததும் இதே ராட்டைதான். அப்ப எவனும் தொடாதேன்னு சொல்லல, மச்சான்."

ஆய்வேட்டில் இதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று விளங்கவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு வாசலும் வைத்தார்கள். சட்டத்தின் நுணுக்கம் எனக்கு எட்டாது. பாதியில் போட்டுவிட்டு ஓட முடிந்தால் அது விளையாட்டு, முடியாவிட்டால் வேலை என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

பத்தாம் நாள், அக்காள் தார்க்குச்சிகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். ஆய்வாளர் பரணை ஒரு முறை பார்த்தார். முக்காலியை ஒரு முறை பார்த்தார். பிறகு, உயரம் போதாது என்று கணக்கிட்டவர்போல, படியை எடுத்து முக்காலிமேல் கவிழ்த்தார்.

"அத்தத் தொடாதடீ!"