டப்ளினில் மாராயிக்கு ஒரு வக்கீல்

டப்ளின்
ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் மழை

அன்புள்ள சித்திக்கு,

'ஆபீஸ் விட்டு வந்தால் அந்தக் குளிர் தேசத்தில் பேச்சுத்துணைக்கு யார் இருக்கிறார்கள்' என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பேட்டை நூலகத்தில் வாசகர் கூட்டம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு கெட்டில் டீ, ஒரு தட்டு பிஸ்கட், ஒரு நாவல். நாவலை முழுசாகப் படித்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. ஆனால் முழுசாகத் தீருவது பிஸ்கட்தான்.

நூலகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வயிறு எரியட்டும். இங்கே புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் அபராதம் கிடையாது. 2019-இல் நாடு முழுக்க எடுத்துவிட்டார்கள். ரமணிசந்திரன் நாவல் ஒன்றை ஒரு வாரம் கூடுதலாக வைத்திருந்ததற்கு, வாடகை நூலகக்காரரிடம் நீங்கள் பேச்சு வாங்கியதைக் கூட்டத்தில் சொன்னேன். அந்த மனிதர் மீது எல்லோருக்கும் பெரிய மரியாதை வந்துவிட்டது.

கூட்டத்தில் யார் யார் என்றால், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், எண்பது வயது நர்ஸ் பாட்டி, கணக்கு வாத்தியார், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், பிரேசிலிலிருந்து இங்கிலீஷ் படிக்க வந்திருக்கும் பையன், அப்புறம் நான். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள்.

இந்த ஊர்க்காரர்கள் பேச ஆரம்பித்தால் கடைசி பஸ் போகும்வரை நிறுத்த மாட்டார்கள். ஆனால் 'கதை பிடிக்கவில்லை' என்று மட்டும் வாயில் வராது. 'அட்டைப்படம் பிரமாதம்' என்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். 'எழுதியவரின் அம்மாவை எனக்குத் தெரியும், நல்ல மனுஷி' என்றால் அதைவிட மோசம். 'இன்னொரு தடவை படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்பவர் முதல் தடவையே படித்திருக்க மாட்டார். நீங்கள் ஒரு தொடர்கதையின் இரண்டாம் வாரத்திலேயே 'இவனுக்கு யாருடீ பேனா வாங்கிக் கொடுத்தது' என்று கேட்டு முடித்துவிடுவீர்கள். உங்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு இவர்களுடைய நாசூக்கு பழகச் சில மாதம் பிடித்தது.

ஊரே மெச்சும் புத்தகம் ஒன்று உண்டு: ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய 'யுலிசிஸ்'. 1904 ஜூன் 16, அந்த ஒரே நாளில் டப்ளினில் நடக்கும் கதை. 1922-இல் பாரிஸில் புத்தகக் கடை வைத்திருந்த சில்வியா பீச் என்ற அம்மாள் துணிந்து வெளியிட்டார். முதல் பதிப்பே 732 பக்கம். இன்றும் ஜூன் 16 வந்தால் போதும், ஊரில் பாதிப் பேர் பழங்காலத்து வைக்கோல் தொப்பி மாட்டிக்கொண்டு, கதாநாயகன் மத்தியானம் சாப்பிட்ட அதே மதுக்கடையில் அதே சீஸ் சாண்ட்விச்சைச் சாப்பிடுகிறார்கள். அவன் எலுமிச்சை சோப்பு வாங்கிய மருந்துக்கடை இன்னமும் இருக்கிறது. மருந்து விற்பதில்லை, சோப்பு விற்கிறார்கள், வட்டமாக உட்கார்ந்து ஜாய்ஸை உரக்க வாசிக்கிறார்கள். ஒரு சோப்பு வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆனால் எங்கள் கூட்டத்தில் 'முழுசாகப் படித்தவர் யார்' என்று கேட்டால் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்க்கிறார்கள். டிரைவர் மட்டும் தைரியமாகச் சொன்னார்: 'அந்தத் தெருவிலெல்லாம் பஸ் ஓட்டியவன் நான், அதை வேறு தனியாகப் படிக்கணுமா?'

என் கணக்கு இதுதான் சித்தி: புத்தகம் எவ்வளவு மெலிசோ, அவ்வளவுக்குச் சண்டை பலம்.

கிளேர் கீகன் என்ற அம்மாள் 2021-இல் ஒரு குட்டி நாவல் எழுதினார், 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்'. 116 பக்கம். மறுவருஷம் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. அவ்வளவு சிறிய புத்தகம் அந்தப் பட்டியலுக்கு வருவது அபூர்வம். நீங்கள் எப்படியும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவர், அதனால் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1985 கிறிஸ்துமஸ் சமயம். நியூ ராஸ் என்ற சின்ன ஊரில் பில் ஃபர்லாங் என்று ஒரு கரி வியாபாரி, ஐந்து பெண் குழந்தைகள். கன்னியாஸ்திரீ மடத்துக்குக் கரி இறக்கப் போன இடத்தில், கரிக்கொட்டகைக்குள் ஒரு பெண்ணைப் பூட்டி வைத்திருப்பதைப் பார்த்துவிடுகிறார். கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களையும், குடும்பத்துக்கு வேண்டாத பெண்களையும் அடைத்துவைத்துக் கூலியில்லாமல் துணி துவைக்க வைத்த சலவைக்கூடங்கள் இந்த நாட்டில் நிஜமாகவே இருந்தன. கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996-இல், இதே டப்ளினின் நடுவில். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2013-இல்.

ஃபர்லாங் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். அதோடு கதை முடிந்தது. வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி என்ன சொன்னாள்? எழுதவில்லை. சண்டையை மூட்டிவிட்டுப் போய்விட்டார் கீகன் அம்மாள்.

வங்கிப் பெண், 'கண்டிப்பாக உள்ளே கூப்பிட்டிருப்பாள், அவளும் தாய்தானே' என்றாள். டிரைவர் ஒரேயடியாக மறுத்தார். 'ஊர்வம்பு நமக்கெதற்கு என்று முன்னாலேயே புருஷனைக் கண்டித்தவள் அவள். மகள்கள் படிக்கிற பள்ளிக்கூடமும் அந்த மடத்துக்காரர்களுடையது. ஐந்து பெண்களின் படிப்பு என்ன ஆவது?' வாத்தியார் இரண்டு பக்கமும் தலையாட்டினார். 'பொன்னியின் செல்வன்' கதையில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நீங்களும் பெரியம்மாவும் சண்டை போட்டு, அடுக்களையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இட்லி அவித்தது எனக்கு ஞாபகம் வந்தது. கல்கியும் பதில் சொல்லாமல்தானே விட்டார்?

எல்லோரும் கத்தி முடித்த பிறகு நர்ஸ் பாட்டி பேசினார். 'எங்கள் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பெல்லாம் அந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் வெளுக்கப் போகும். நல்ல வெள்ளையாக மடித்து வரும். யார் வெளுத்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.' அன்றைக்குத்தான் பிஸ்கட் மிஞ்சியது.

அந்தப் பாட்டி லேசுப்பட்டவரில்லை. எட்னா ஓபிரையன் எழுதிய 'தி கன்ட்ரி கேர்ள்ஸ்' நாவலை 1960-இல் இங்கே தடை செய்தார்கள். கிராமத்திலிருந்து டப்ளினுக்கு வந்த இரண்டு பெண்கள் காதலித்தார்கள், ஊர் சுற்றினார்கள், அதுதான் குற்றம். பாட்டி அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். லண்டனில் வேலை பார்த்த அத்தை ஒரு பிரதி கொண்டுவர, ஜெபப்புத்தகத்தின் அட்டைக்குள் வைத்துப் படித்தாராம். இங்கே 2006 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் ஊர் மொத்தமும் ஒரே புத்தகத்தைப் படிக்கும் வழக்கம் உண்டு. 2019-இல் அதற்குத் தேர்ந்தெடுத்தது எதை என்கிறீர்கள்? தடை செய்த அதே நாவலையும் அதன் அடுத்த இரண்டு பாகங்களையும்! நூலகத்தில் அடுக்கி வைத்து, 'எடுத்துப் போங்கள்' என்றார்கள். பாட்டியின் விமரிசனம்: 'ஒளித்துப் படித்தபோது இருந்த ருசி இப்போது இல்லை.'

இவர்கள் எழுத்தாளர்களுக்கு மேற்கோள் குறி என்றாலே ஆகாது. ஜாய்ஸ் போடவில்லை, இப்போது இளசுகள் கொண்டாடும் சாலி ரூனியும் போடுவதில்லை. 2023-இல் புக்கர் வாங்கிய பால் லிஞ்சின் 'ப்ராஃபெட் சாங்' நாவலில் பத்தி பிரிப்பதுகூடக் கிடையாது. மூச்சுவிட இடமில்லாமல் ஒரே ஓட்டம். வாத்தியார் பொறுக்க முடியாமல், யார் பேசுகிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தார், நூலகப் புத்தகத்தில்! அயர்லாந்தில் கொடுங்கோல் ஆட்சி வந்து, நாலு பிள்ளைகளின் தாய் ஒருத்தி அகதியாகிற கதை. 'இங்கே இப்படியெல்லாம் நடக்குமா' என்று யாரோ ஆரம்பித்தார்கள். பரிசு அறிவிப்பதற்கு மூன்று நாள் முன்னால்தான் நகர நடுவில் கலவரம். வெளிநாட்டுக்காரர்கள் வெளியேற வேண்டும் என்று கூச்சல் போட்டு பஸ்ஸைக் கொளுத்தினார்கள். 'பஸ் எரிந்த பிறகும் கேட்கிறீர்களா' என்றார் டிரைவர். நானும் பிரேசில் பையனும் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எங்கள் இருவரையும் வீட்டு வாசல்வரை காரில் கொண்டுவந்து விட ஆளாளுக்குப் போட்டி. பயப்பட வேண்டாம் சித்தி, நான் பத்திரமாகத்தான் இருக்கிறேன்.

இனி என் கஷ்டத்துக்கு வருகிறேன். பெருமாள்முருகனின் 'பூக்குழி' அநிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் 2023 சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் வந்தது இல்லையா, அதை நூலகக்கார அம்மாள் அடுத்த மாதத்துக்கு என்று எடுத்து வைத்துவிட்டார், 'உனக்குச் சந்தோஷமாக இருக்கும்' என்று சிரித்துக்கொண்டே. அது கொங்குச் சீமைக் கதை, நான் காவேரிக் கரை என்று சொன்னால் யாருக்குப் புரிகிறது? அந்த வியாழக்கிழமை நான் தமிழ்நாட்டுக்காகச் சாட்சிக் கூண்டில் நின்றேன்.

கதாநாயகன் குமரேசன் சோடாக் கடையில் வேலை பார்த்தான் என்பதால் முதல் கேள்வி, சோடா பாட்டிலுக்குள் கோலிக்குண்டு எப்படி நுழைந்தது என்று. காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அவன் வேற்றுச் சாதியில் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த சரோஜாவை அந்தப் பாறைமேல் உள்ள வீட்டில் மாமியார் மாராயி படுத்துகிற பாட்டில் எல்லோரும் கொதித்துப் போயிருந்தார்கள். டிரைவருக்கு மாராயியின் புலம்பல்தான் அதிசயம். 'எங்கள் பாட்டி காலத்திலும் இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கத் தனியாகப் பெண்கள் வருவார்கள், ஆனால் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இப்படியா?' என்றார். வாத்தியார், 'அந்தப் பெண் என்ன சாதி என்று கடைசிவரை சொல்லவே இல்லையே, பக்கம் ஏதும் விட்டுப்போயிற்றா' என்று புத்தகத்தைப் புரட்டினார். நர்ஸ் பாட்டி அவரை அடக்கினார். 'எதற்குச் சொல்ல வேண்டும்? என் தம்பி புராட்டஸ்டண்ட் பெண்ணைக் கட்டினான். அம்மா சர்ச் வாசல்வரைகூட வரவில்லை.' நாவல் தர்மபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்பதையும், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு செத்துப்போன அந்த இளவரசன் யார் என்பதையும் சொன்னேன். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் சேர்ந்து மாராயியைக் கழுவேற்றக் கிளம்பியபோது எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. எழுந்து வாதாடினேன். புருஷன் இல்லாதவள், ஒற்றைப் பிள்ளையை ஒண்டியாக வளர்த்தவள், ஊர் ஒதுக்கி வைத்தால் செத்தால்கூடத் தூக்க ஆள் வராது, அவள் வேறென்ன செய்வாள் என்றேன். நான் கெட்ட மாமியாராக வருவேன் என்று வங்கிப் பெண் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பிரேசில் பையன் மட்டும், 'என் பாட்டியும் இப்படித்தான்' என்று மெல்லச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முடிவில் தீக்குள் அகப்பட்ட சரோஜா பிழைத்தாளா என்பதில் மறுபடி இரண்டு கட்சி. டிரைவர் மூன்று நாளாகத் தூங்கவில்லையாம்.

வாக்கெடுப்பில் மாராயி தோற்றுப் போனாள். நான் விடவில்லை, மேல்முறையீடு செய்திருக்கிறேன். கும்பகோணத்தில் என் சித்தி இருக்கிறார், இரண்டு மருமகள்களோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவர், அவர் சொல்லட்டும் என்றேன். ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். 'பூக்குழி' காலச்சுவடு வெளியீடு, தம்பியை வாங்கி வரச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதாமல், முழுசாகப் படியுங்கள். மாராயி செய்தது சரியா தப்பா என்று உங்கள் பாணியிலேயே, நாசூக்கெல்லாம் பார்க்காமல், இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். மருமகள்களிடம் காட்டிவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. இங்கிலீஷில் வாசிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, உடனே ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
அக்கா மகள்